நாமினேஷன் செலவு யார் தலையில்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: ஆஸ்திரேலிய வேலை விசாவுக்காக முதலாளி போடும் நாமினேஷன். சிட்னியில் குடியேற்ற ஏஜென்டாக உட்கார்ந்து இதே வேலையைத் தினமும் பார்க்கிறேன். அதற்கு முன்னால் இப்படிப்பட்ட ஒரு விசாவில், வெல்டர் ஒருவரின் மனைவியாக வந்திறங்கியவள் நான். அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீளமாகப் போகும். டாலர் என்று எழுதுவதெல்லாம் ஆஸ்திரேலிய டாலர். சம்பள வரம்பும் கட்டணமும் வருடா வருடம் ஜூலை 1 அன்று மாறக்கூடியவை. இங்கே தந்திருப்பது 2025 ஜூலை முதல் உள்ள கணக்கு.

*அக்கா, எனக்கு 29 வயது. கார் மெக்கானிக்காக ஆறு வருட அனுபவம். மெல்பர்னில் ஒரு ஒர்க்‌ஷாப் முதலாளி என்னை எடுக்கத் தயார் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஸ்பான்சர் பணம், நாமினேஷன் பணம், விசா பணம் எல்லாம் சேர்த்து 18 லட்சம் கேட்கிறார். அம்மா நகையும் ஒரு சின்ன மனையும் இருக்கின்றன. விற்றுக் கொடுக்கலாமா? (ஒரு வாசகர், மதுரை)*

தம்பி, மனையை விற்காதீர்கள். நகையையும் தொடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் சொல்வது 482 விசா. 2024 டிசம்பர் 7 முதல் இதற்கு ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்று பெயர், எண் மட்டும் பழைய 482தான். இதில் மூன்று படி இருக்கிறது. முதலில் அந்த ஒர்க்‌ஷாப், வெளிநாட்டு ஆளை எடுக்கத் தகுதியுள்ள நிறுவனம் என்று அரசிடம் ஸ்பான்சர் அனுமதி வாங்க வேண்டும். அது ஐந்து வருடம் செல்லும். அடுத்தது நாமினேஷன்: ‘எங்களிடம் மெக்கானிக் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, சம்பளம் இவ்வளவு, இந்த ஆளை வைத்து நிரப்புகிறோம்’ என்று முதலாளி போடும் விண்ணப்பம். மூன்றாவதுதான் உங்கள் விசா விண்ணப்பம். முதல் இரண்டும் முதலாளியுடைய காகிதம், மூன்றாவது மட்டும் உங்களுடையது. யார் காகிதமோ அவர் செலவு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி ஏமாற்று வேலை உங்கள் வாசலிலேயே நின்றுவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்பான்சர் அனுமதிக்கு 420 டாலர், நாமினேஷனுக்கு 330. இவை போக, உள்ளூர் ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் நிதிக்காக முதலாளி ஒரு தீர்வை கட்ட வேண்டும். வருட வியாபாரம் ஒரு கோடி டாலருக்குக் குறைவாக இருந்தால், கேட்கிற விசாவின் ஒவ்வொரு வருடத்துக்கும் 1,200. அதற்கு மேற்பட்ட நிறுவனம் என்றால் 1,800. சின்ன ஒர்க்‌ஷாப் நாலு வருட விசா கேட்டால் தீர்வை 4,800, எல்லாம் சேர்த்து 5,550 டாலர். இதில் ஒரு டாலர்கூட உங்களிடம் வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஸ்பான்சர், நாமினேஷன் வேலைகளுக்கு முதலாளி வைக்கும் ஏஜென்டின் கூலியும் அவருடையதே.

உங்கள் பங்கு விசா கட்டணம் 3,210 டாலர், மருத்துவப் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, உங்கள் விண்ணப்பத்துக்கு ஆள் வைத்தால் அவர் கூலி. சில தொழில்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் திறன் மதிப்பீடும் செய்ய வேண்டும். அதுவும் உங்கள் செலவு. இவ்வளவையும் கூட்டிப் பார்த்தாலும் 18 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. மீதிப் பணம் எதற்கு என்று கேட்டால் ‘ஸ்பான்சர் கிடைப்பதற்கு’ என்பார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஸ்பான்சர் செய்வதற்காகப் பணமோ வேறு ஆதாயமோ வாங்குவது 2015 டிசம்பரிலிருந்து குற்றம். வாங்குபவருக்குச் சிறைவரை போகலாம். கொடுப்பவருக்கும் அபராதம் உண்டு, விசாவும் ரத்தாகலாம். மனையை விற்று நீங்கள் வாங்குவது இந்த ஆபத்தைத்தான்.

வேலை நிஜமா என்று பார்க்க வழி இருக்கிறது. கம்பெனி பெயரையும் அதன் ஏ.பி.என். என்ற வியாபாரப் பதிவு எண்ணையும் கேளுங்கள். அந்த எண்ணை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஏஜென்டிடம் ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டு, அரசின் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் முதலாளியோடு நேராக வீடியோவில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பேசும்போது சம்பளத்தையும் தீர்வையையும் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நிஜமாகவே ஆள் தேடுகிற முதலாளிக்கு அந்தத் தீர்வைத் தொகை தூக்கத்தில் கேட்டாலும் தெரியும், கட்டப்போவது அவர்தானே. முதலாளியைக் கண்ணில் காட்டவே மாட்டேன் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

உங்களிடம் கை நிறையத் தகுதி இருக்கிறது, தம்பி. கடந்த ஐந்து வருடத்தில் ஒரு வருட முழுநேர அனுபவம் போதும், உங்களுக்கு ஆறு இருக்கிறது. ஆங்கிலத் தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் நாலு பிரிவிலும் 5 எடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை ஆங்கில வகுப்புக்குச் செலவழியுங்கள்.

*மேடம், நான் பிரிஸ்பனில் படித்து முடித்து, ஒரு நிறுவனத்தில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். 482 நாமினேஷன் போடுவதாகச் சொல்லிவிட்டு, போன வாரம் என் வேலையையே இணையத்தில் விளம்பரம் செய்திருக்கிறார்கள். சம்பளம் 85,000 என்று போட்டிருக்கிறது. எனக்கு வந்த கான்ட்ராக்டில் சூப்பர் உட்பட 82,000. என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்களா? (ஒரு வாசகி, பிரிஸ்பன்)*

இல்லை அம்மா, விளம்பரம் நல்ல சகுனம். நாமினேஷன் போடுவதற்கு முந்தைய நாலு மாதத்துக்குள், உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தோம் என்று முதலாளி காட்ட வேண்டும். குறைந்தது இரண்டு விளம்பரம், நாடு முழுக்கப் போய்ச் சேரும் இடங்களில், 28 நாள் விண்ணப்பங்களை ஏற்றபடி ஓட வேண்டும். வேலையின் பெயர், தேவையான திறமை, நிறுவனத்தின் பெயரோ ஆள் எடுத்துத் தரும் நிறுவனத்தின் பெயரோ அதில் இருக்க வேண்டும். சம்பளம் 96,400 டாலருக்குக் குறைவு என்றால் அதையும் போட்டாக வேண்டும். உங்கள் முதலாளி ஒழுங்காகத்தான் செய்கிறார். பொருத்தமான உள்ளூர் ஆள் ஒருவர் விண்ணப்பித்துவிட்டால் முதலாளி யோசிக்க வேண்டியிருக்கும், அது உண்மை. ஆனால் உங்களைக் கழற்றிவிட நினைப்பவர் இத்தனை சிரமப்பட மாட்டார்.

எனக்குக் கவலை தருவது விளம்பரம் அல்ல, உங்கள் கான்ட்ராக்ட். ‘சூப்பர் உட்பட 82,000’ என்ற வரியை ஒரு காகிதத்தில் எழுதி 1.12 ஆல் வகுத்துப் பாருங்கள். சூப்பர் என்பது சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்டும் ஓய்வுக்கால நிதி, இப்போது 12 சதவீதம். அதைக் கழித்தால் கையில் நிற்கும் சம்பளம் 73,214 டாலர். இந்த விசாவில் பெரும்பாலானவர்கள் வரும் கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 76,515, அதுவும் சூப்பர் சேர்க்காமல். வீடு தருகிறேன், சாப்பாடு தருகிறேன் என்று சொல்லியும் அதை நிரப்ப முடியாது. இந்தக் கான்ட்ராக்டோடு நாமினேஷன் உள்ளே போனால் நிராகரிப்பு வீடு தேடி வரும். நாமினேஷன் விழுந்தால் விசாவும் விழும்.

இன்னொன்று. 76,515ஐத் தொட்டுவிட்டால் போதும் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். போதாது. அதே அலுவலகத்தில் அதே வேலை பார்க்கும் ஆஸ்திரேலியர் 88,000 வாங்கினால் உங்களுக்கும் 88,000க்குக் குறையக் கூடாது. இரண்டில் எது அதிகமோ அதுதான் உங்கள் சம்பளம். 2013லிருந்து பத்து வருடம் இந்தக் கீழ்வரம்பு 53,900 டாலரிலேயே அசையாமல் கிடந்தது. 2023 ஜூலையில்தான் 70,000 ஆக்கினார்கள். பழைய தொகையை மனதில் வைத்துக்கொண்டு கான்ட்ராக்ட் எழுதும் கணக்காளர்களை இன்னமும் பார்க்கிறேன். அதனால் கோபப்படாமல் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ‘விளம்பரத்தில் 85,000 இருக்கிறது, கான்ட்ராக்டில் சூப்பருக்கு முன் எவ்வளவு என்று தெளிவாக்கித் தர முடியுமா?’ அவ்வளவு போதும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

*நான் சிட்னியில் ஒரு உணவகத்தில் செஃப். 482 விசாவில் வந்து 14 மாதம் ஆகிறது. காகிதத்தில் 78,000 சம்பளம். வங்கியில் சரியாக விழுகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 600 டாலர் எடுத்து முதலாளி கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். அவர் எங்கள் ஊர்க்காரர். ‘உன்னை இங்கே கொண்டுவந்ததே நான்தான்’ என்கிறார். வெளியே சொன்னால் விசாவை ரத்து செய்துவிடுவாராம். மனைவியும் குழந்தையும் இங்கேதான் இருக்கிறார்கள். (பெயர் வேண்டாம்)*

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 26 சம்பளம், ஒவ்வொன்றிலும் 600 என்றால் 15,600. உங்கள் நிஜச் சம்பளம் 62,400 டாலர். நாமினேஷனில் அரசுக்குச் சொன்னது 78,000. உங்களுக்குக் கிடைக்காத அந்த 15,600க்கும் வரி கட்டுவது நீங்கள்தான். 14 மாதத்தில் சுமார் 18,000 டாலர் உங்கள் குழந்தையிடமிருந்து போயிருக்கிறது. ஊர்ப்பாசம் இப்படிக் கணக்குப் புத்தகம் வைக்காது, தம்பி.

விசாவை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அது உள்துறையின் கையில். நீங்கள் வேலையை விட்டால் 28 நாளுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டிய கடமைதான் அவருக்கு உண்டு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விசாவைக் காட்டி மிரட்டி இப்படி ஒருவரை அடக்கி வைப்பது 2024 ஜூலை 1 முதல் குற்றம்.

வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதுதான் உங்கள் பயம். அந்தப் பயம் எனக்குத் தெரியும். 2011ல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கணவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அப்போது இருந்தது 457 விசா, இன்றைய 482க்கு முன்னோடி. 28 நாளுக்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். வென்ட்வொர்த்வில்லில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், ஊரிலிருந்து கொண்டுவந்த நாள் கிழிக்கும் காலண்டர் மாட்டியிருந்தது. தினமும் காலையில் தாளைக் கிழிப்பது என் பெண்ணுக்குப் பிடித்த வேலை. அந்த மாதம் மட்டும் அவளைக் கிழிக்க விடவில்லை. அவள் தூங்கின பிறகு நானே கிழித்து, மடித்து, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். டப்பாவுக்குப் பின்னால் 23 தாள் சேர்ந்த அன்றைக்கு வெதரில் பார்க்கில் ஒரு முதலாளி சரி என்றார்.

இப்போது 28 நாள் இல்லை. 2013ல் அது 90 ஆனது, 2016ல் 60க்குக் குறைந்தது, 2024 ஜூலை 1 முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுக்கச் சேர்த்து 365 நாள் வரை. அந்த நாட்களில் வேறு முதலாளியிடம் வேறு வேலைகூடப் பார்த்துச் சம்பாதிக்கலாம். அதற்குள் புது முதலாளி ஒருவர் உங்களுக்கு நாமினேஷன் போட வேண்டும். சமையலறையில் கைத்திறன் உள்ளவருக்கு ஆறு மாதம் கொஞ்ச நேரம் அல்ல.

ஆனால் நாளைக்கே விட்டுவிட வேண்டாம். முதலில் ஆதாரம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 600 எடுத்தது வங்கிக் கணக்கில் இருக்கும், தேதியோடு அச்சடித்து வையுங்கள். சம்பளச் சீட்டு, டூட்டி அட்டவணை, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் முதலாளிக்குத் தெரியாத மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அப்புறம் தொழிலாளர் உரிமையைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க்கின் எண் 13 13 94க்குப் பேசுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் முதலில் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசு இல்லை. உழைப்புச் சுரண்டலைப் புகார் செய்பவர் விசாவை இழக்காமல் இருக்க 2024 ஜூலையிலிருந்து பாதுகாப்பு இருக்கிறது. புகாரைத் தொடர்வதற்காகவே குறுகிய கால விசாவும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் அரசு அமைப்போ, தொழிற்சங்கம் அல்லது சமூகச் சட்ட மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்போ சான்று தர வேண்டும். ரொக்கம் கொடுத்ததில் உங்கள் மேலும் கேள்வி வரலாம் என்பதால், புகாருக்கு முன் சமூகச் சட்ட மையத்து வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். இந்த வாரமே பாருங்கள்.

மனைவியிடம் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லாவிட்டால் இன்றைக்குச் சொல்லுங்கள்.

*நாமினேஷன் கிடைத்துவிட்டது என்று கம்பெனி சொல்கிறது. இனி விசா உறுதிதானே? இங்கே வேலையை ராஜினாமா செய்யலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)*

செய்யாதீர்கள். அரசு ஒத்துக்கொண்டிருப்பது வேலையை. உங்கள் அனுபவம், ஆங்கிலம், உடல்நலம், போலீஸ் சான்று எல்லாம் விசா விண்ணப்பத்தில்தான் பார்ப்பார்கள். 482 நாமினேஷன் பொதுவாக 12 மாதம் செல்லும், அதற்குள் விசா விண்ணப்பம் போய்ச் சேரட்டும். நாமினேஷனில் எந்தத் தொழில் பெயர், என்னென்ன வேலைகள், எவ்வளவு சம்பளம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். உங்கள் அனுபவக் கடிதம் ஒன்று சொல்லி, நாமினேஷன் வேறொன்று சொன்னால் அங்கேதான் சிக்கும். விசா வந்த பிறகு ராஜினாமா.

*நான் நர்ஸ். 482 விசாவில் பெண்டிகோவில் 14 மாதம், இப்போது அடிலெய்டில் 11 மாதம். இன்னும் மூன்று மாதத்தில் எனக்கு 45 வயது. 186 நிரந்தர விசாவுக்கு ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள். நடுவில் அம்மா காரியத்துக்காக இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். எச்.ஆர். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்கிறார். (ஒரு வாசகி, அடிலெய்டு)*

அம்மாவை இழந்த நேரத்தில் கணக்குப் பேச வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள் சகோதரி. நாள் குறைவாக இருப்பதால் நேராகச் சொல்கிறேன்.

ஒரே இடம் என்பது பழைய விதி. 2024 டிசம்பர் 7 முதல், அனுமதி பெற்ற எந்த ஸ்பான்சரிடம் பார்த்த வேலையும் கூடும். கடைசி மூன்று வருடத்தில் இரண்டு வருடம், நாமினேஷனில் இருந்த அதே தொழிலில். 14ம் 11ம் 25 மாதம். ஆனால் சம்பளமில்லா விடுப்பு கணக்கில் சேராது. இரண்டைக் கழித்தால் 23. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் தேவை. ஆகவே எச்.ஆர். சொல்லும் ‘அடுத்த மாதம்’ உங்களுக்கும் முதல் வாய்ப்பு. அதற்கு அடுத்த மாதமும் போய்விட்டால் பிறந்தநாள் கழுத்துக்கு வந்துவிடும். விசா விண்ணப்பம் உள்ளே போகும் நாளில் உங்களுக்கு 45 வயது ஆகியிருக்கக் கூடாது. முடிவு எப்போது வந்தாலும் பரவாயில்லை.

இந்த ஒரு மாதத்தில் எல்லாக் காகிதத்தையும் தயார் செய்துவிடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். எடுத்திருந்தால் நாலு பிரிவிலும் 6 இருக்கிறதா, மூன்று வருடத்துக்குள் எழுதியதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெண்டிகோ மருத்துவமனையிலிருந்து தேதிகள் போட்ட வேலைச் சான்று வாங்குங்கள். விடுப்பு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று சம்பளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள், இரண்டு மாதம் என்று நினைப்பது 67 நாளாக இருந்துவிடலாம். அந்த எண்ணை வைத்துத்தான் இரண்டு வருடம் முடியும் நாளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாள் முன்னால் போட்டாலும் நிராகரிப்பு.

எச்.ஆருக்கு வாய்ப்பேச்சு வேண்டாம். மின்னஞ்சலில் மூன்று தேதி எழுதுங்கள்: இரண்டு வருடம் முடியும் நாள், உங்கள் பிறந்தநாள், இரண்டுக்கும் நடுவில் நாமினேஷன் போட வேண்டிய நாள். இந்தப் பணி இன்னும் இரண்டு வருடமாவது இருக்கும் என்ற கடிதமும், பெரிய நிறுவனம் என்பதால் 5,000 டாலர் தீர்வையும் அவர்கள் தரப்பில் தயாராக வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். பெரிய மருத்துவமனையில் பணத்துக்குக் கையெழுத்து வாங்கவே மூன்று வாரம் ஓடிவிடும், அந்த வேலை இப்போதே தொடங்கட்டும். நாமினேஷன் அனுமதி வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் நாமினேஷனை அனுப்பினவுடன் டி.ஆர்.என். என்று ஒரு எண் வரும். அதை வாங்கி அன்றைக்கே உங்கள் விசா விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம்.

அந்த எண் கைக்கு வந்த அன்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.